ஜம்போவும் முட்டை அட்டையும்

நாமக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது மூன்று. ஆஞ்சநேயர், முட்டை, லாரி. இதில் விமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஆஞ்சநேயர் பறந்தவர், அவர் கணக்கு வேறு. நான் சொல்ல வந்தது ஒரு பொம்மை விமானத்தைக் கழற்றி, பெட்டியில் போட்டு, பார்சல் லாரியில் ஏற்றி, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி புனேவுக்கு அனுப்பிய கதை. பொம்மை என்று எழுதியதைப் பார்த்தால் சின்னத்தாத்தாவுக்குக் கோபம் வரும். "மாடல்னு சொல்லு கண்ணு. பொம்மைன்னா திருவிழாக் கடையில விக்கிறது" என்பார். சரி, மாடல்.

சின்னத்தாத்தா என்றால் என் தாத்தாவின் தம்பி. சேலத்தில் முப்பது வருடத்துக்கு மேல் விமான டிக்கெட் ஏஜென்சி நடத்தியவர். அந்தக் காலத்தில் சேலத்துக்கு ஒழுங்காக விமானமே வராது. காமலாபுரத்தில் விமான நிலையம் 1993ல் வந்தது, ஆனால் சேவை வருவதும் நிற்பதுமாகத்தான் இருந்தது. 2018ல் ஒரு முறை மறுபடி ஆரம்பித்தார்கள், நின்றது, 2023ல் இன்னொரு முறை ஆரம்பித்தார்கள். விமானம் இல்லாத ஊரில் விமான டிக்கெட் விற்பவருக்கு இருந்த ஒரே விளம்பரம் கடையின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்ற அந்த மாடல்தான். ஏர் இந்தியாவின் போயிங் 747, ஜம்போ. பெரிய ஊரில் ஒரு புக்கிங் ஆபீஸை மூடியபோது அங்கிருந்து இவர் கைக்கு வந்தது.

ஒன்றுக்கு ஐம்பது அளவு. நிஜ 747-200 நீளம் 70.6 மீட்டர், இறக்கை முனைக்கு முனை 59.6 மீட்டர். ஐம்பதால் வகுத்தால் மாடலின் நீளம் 141 சென்டிமீட்டர், இறக்கை 119. நம் வீட்டுக் கட்டிலில் படுக்க வைத்தால் இரண்டு பக்கமும் இறக்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உடம்பு ஃபைபர் கிளாஸ். ஜன்னல் ஒவ்வொன்றைச் சுற்றியும் ராஜஸ்தான் அரண்மனை மாடம் போல சிவப்பு வளைவு. 1971ல் ஏர் இந்தியாவுக்கு முதல் ஜம்போ வந்தபோது போட்ட அலங்காரம் அது. அந்த வரிசை விமானங்களுக்குச் சக்கரவர்த்திகளின் பெயர் வைத்தார்கள். முதலாவதன் பெயர் எம்பரர் அசோகா. மாடலின் மூக்கிலும் அதே பெயர்தான்.

அந்த நிஜ அசோகா 1978 ஜனவரி 1ம் தேதி இரவு மும்பையில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பாந்த்ராவுக்கு எதிரே கடலில் விழுந்தது. அதிலிருந்த 213 பேரும் இறந்தார்கள். பிற்பாடு கடைக்கு வந்தவர்களில் சிலர், அந்தப் பெயரை அழித்துவிட்டு வேறு ராஜா பெயர் எழுதுங்கள், பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். தாத்தா கேட்கவில்லை. "விழுந்துதுங்கறதுக்காக அதுக்குப் பேரே இல்லைன்னு ஆயிடுமா?" என்பார். அந்த எழுத்து அழிக்கப்படாமல் இருந்ததுதான் மாடலுக்கு விலை வந்த காரணங்களில் ஒன்று என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

இன்டர்நெட் வந்து டிக்கெட் கடைகள் மூடிய காலத்தில் இப்படிப்பட்ட மாடல்கள் பலதும் பழைய இரும்புக் கடைக்கும் குப்பைக்கும் போய்விட்டன. மிஞ்சியவற்றைத் தேடி வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நிஜ ஜம்போக்களும் போய்விட்டன. ஏர் இந்தியாவின் கடைசி 747 மும்பையிலிருந்து 2024 ஏப்ரலில் கிளம்பியது, திரும்ப வரவில்லை. புனேவில் இருக்கும் ஒரு சேகரிப்பாளர் தாத்தாவிடம் மாடலைக் கேட்டார். தாத்தா ரொம்ப நாள் இழுத்தடித்தார். பிறகு சின்னப்பாட்டிக்கு இரண்டு முழங்காலும் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஒத்துக்கொண்டார்.

ஒப்பந்தம் இதுதான்: பாதிப் பணம் முன்னால், மீதிப் பாதி பெட்டியைத் திறந்து பார்த்து, உடையாமல் இருந்தால். ஆக ஒரு முழங்காலுக்குப் பணம் வந்துவிட்டது. இன்னொரு முழங்கால் லாரியில் போக வேண்டும். இதைச் சொன்னதே பாட்டிதான், சிரித்துக்கொண்டே.

வீட்டில் மெக்கானிக்கல் படிக்கிறவன் நான் ஒருவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் மாமா துணை. மாடலைக் காரின் பின்சீட்டில் குறுக்காக வைத்து சேலத்திலிருந்து பட்டறைக்குக் கொண்டுவந்தோம். ஒரு இறக்கை முழுக்க ஜன்னலுக்கு வெளியே. டோல்கேட்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

முதல் கேள்வி, எதற்குக் கழற்ற வேண்டும்? அப்படியே பெட்டி செய்தால் என்ன? செய்யலாம். ஆனால் பெட்டி கட்டில் அளவுக்கு வரும், உள்ளே முக்கால்வாசி காற்று. பார்சல்காரர்கள் எடைக்கு மட்டுமல்ல, அடைக்கும் இடத்துக்கும் காசு கேட்பார்கள். அதைவிடப் பெரிய விஷயம் நெம்புகோல். 60 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கையின் முனையில் ஒரு கிலோ அழுத்தம் விழுந்தால் அது வேரில் பல மடங்காகத் திருகும். வேரில் இருப்பது பழைய ஃபைபர், பழைய பெயின்ட். முதலாண்டு மெக்கானிக்ஸ் பேப்பரில் ஃபெயிலான நண்பர்களுக்கும் இது புரியும் :)

விமானத்தைப் பெட்டியில் அனுப்புவது விமானம் பிறந்த நாளிலிருந்தே தலைவலிதான். 1907ல் ரைட் சகோதரர்கள் தங்கள் விமானத்தைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்து பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். மறு வருடம்வரை அது அங்கேயே கிடந்தது. 1908 ஜூனில் வில்பர் லெ மான் என்ற ஊரில் பெட்டிகளைத் திறந்தால், விலாச்சட்டங்கள் உடைந்து, துணி கிழிந்து, ரேடியேட்டர் நசுங்கிக் கிடந்தது. அமெரிக்காவில் இருந்த தம்பி ஆர்வில்லுக்கு, இப்படியா அடைப்பாய் என்று கோபமாகக் கடிதம் எழுதினார். கடைசியில் பார்த்தால் தம்பி ஒழுங்காகத்தான் அடைத்திருக்கிறார். சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்துவிட்டு, எடுத்த மாதிரி வைக்காமல் அள்ளிப் போட்டு மூடியிருக்கிறார்கள். வில்பர் எல்லாவற்றையும் சரி செய்து பறந்தது ஆகஸ்ட் 8ம் தேதி. இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். அடைக்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது முக்கியமில்லை, நடுவில் ஒருவன் திறந்தாலும் அவனுக்குத் திரும்ப அடைக்கத் தெரிய வேண்டும்.

இரண்டாவது கேள்வி, எங்கே கழற்றுவது? தாத்தாவுக்குத் தெரியவில்லை. அவர் கைக்கு வந்தபோதே முழுசாகத்தான் வந்தது. இறக்கை வேரில் ஒரு கோடுகூட இல்லை. பெயின்ட் ஒரே சீராக ஓடியிருந்தது. மாமா பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி, அடிவயிற்றில் மெதுவாக நகர்த்தினார். ஃபைபர் கிளாஸில் காந்தம் ஒட்டாது. நான்கு இடத்தில் நூல் சாய்ந்தது. உள்ளே இரும்பு போல்ட்! பட்டியின் மேல் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். லாரியில் பட்டி பார்க்கிறவர்களுக்கு இது அன்றாட சமாச்சாரம். எனக்கு அதிசயம்.

பிறகு போட்டோ. எல்லாப் பக்கமும், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து. அப்புறம்தான் பிளேடு. இறக்கையும் உடம்பும் சேரும் கோட்டில் பெயின்டை மட்டும் அறுக்க வேண்டும். அறுக்காமல் இழுத்தால் பெயின்ட் தோலாக உரிந்து வரும், சிவப்புக் கோடு போய்விடும். அந்தக் கோட்டை மாமா அறுத்தபோது தாத்தா வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

போல்ட்டைக் கழற்றியதும் இடது இறக்கை, நாக்கு போன்ற ஒரு பலகையோடு நேராக உருவிக்கொண்டு வந்தது. வலது வரவில்லை. எவரோ எப்போதோ பசை போட்டிருக்கிறார்கள். ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும் என்று பட்டறை அண்ணன் ஒருவர் சொன்னார். லாரி கதவு என்றால் சரி. மாமா நைலான் நூலை இடுக்கில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து ரம்பம் மாதிரி இழுக்க ஆரம்பித்தார். நூல் அறுந்தால் வேறு நூல். ஒன்றரை மணி நேரம் ஆனது. பசை மட்டும் பொடியாகக் கொட்டியது, பெயின்ட் தப்பித்தது. வால் பக்கத்துச் சின்ன இறக்கை இரண்டும் ஆளுக்கொரு திருகில் கழன்றன. கழற்றிய ஒவ்வொரு திருகும் துணிப்பையில் போட்டு, எதிலிருந்து வந்ததோ அதிலேயே கட்டினோம். எல்லாத் திருகையும் ஒரே டப்பாவில் போடுவது அந்த டப்பா தொலையும்வரை நல்ல யோசனைதான்.

நான்கு எஞ்சின்களையும் கழற்றலாமா என்று பார்த்தோம். கழற்றவில்லை. அவை இறக்கையில் ஒட்டப்பட்டவை, திருகு கிடையாது. கழற்றக்கூடிய இடத்தில் கழற்றுவது ஒரு வேலை. கழற்றக்கூடாத இடத்தில் கையை எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரிய சண்டை வால் செங்குத்துப் பலகைக்காக வந்தது. அது உடம்போடு சேர்த்து வார்த்தது. அது இருப்பதால் பெட்டியின் உயரம் கூடுகிறது. பார்சல் ஆபீஸில் அளவு சொல்லி விசாரித்தால், உயரத்தைக் குறைத்தால் வாடகை நன்றாகக் குறையும் என்றார்கள். "மாப்ள, ஆக்ஸா பிளேடு போட்டு அறுத்து, உள்ள ரெண்டு பின் வச்சு, அங்க போனதும் சொருகிக்கற மாதிரி பண்ணிரலாம். கண்டே பிடிக்க முடியாது" என்றார் மாமா. அவர் செய்தால் நிஜமாகவே கண்டுபிடிக்க முடியாது. அதுதான் பிரச்சினை. தாத்தா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அப்புறம் அது கழட்டுற மாடல் ஆயிரும்."

இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிஜ விமானங்களிலும் இதே கேள்விதான். இந்தியக் கடற்படையின் டியு-142 என்ற பெரிய கண்காணிப்பு விமானம் நம் அரக்கோணத்தில் இருந்தது. 2017 மார்ச் 29ம் தேதி ஓய்வு கொடுத்தார்கள். ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் மியூசியமாக வைக்க முடிவு செய்தபோது, 53 மீட்டர் நீளத்தை அரக்கோணத்திலிருந்து ரோட்டில் கொண்டு போகவில்லை. விசாகப்பட்டினம் வரை பறக்கவிட்டு, அங்கே கடற்படை விமானத் தளத்தில் கழற்றி, கடைசிச் சில கிலோமீட்டர் மட்டும் ட்ரெய்லரில் ஏற்றிப் போய், கடற்கரைச் சாலையில் மறுபடி பூட்டினார்கள். அந்த வருடம் டிசம்பர் 7ம் தேதி குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். எவ்வளவு குறைவாகக் கழற்றலாமோ அவ்வளவு குறைவான தூரத்துக்கு மட்டும் கழற்றியிருக்கிறார்கள்.

உயரத்தை அளக்காமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2019 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் துர்காபூரில், தபால் துறைக்காக ஓடி ஓய்ந்த போயிங் 737 ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்த ட்ரெய்லர் பாலத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டது. இறக்கை எல்லாம் கழற்றியாகிவிட்டது, உடம்புதான் சிக்கியது. 2022 நவம்பரில் ஆந்திராவின் பாபட்லா மாவட்டத்திலும், 2023 டிசம்பரில் பீகாரின் மோதிஹாரியிலும் இதே காட்சி. இந்த வீடியோக்களை மாமாவிடம் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை. "டயர்ல காத்தை எறக்கியிருக்கணும். எறக்கினா ஒரு அரையடி கிடைக்கும்" என்றார் சீரியஸாக. நாமக்கல்காரனுக்கு விமானம் என்பதும் ஒரு லோடுதான்.

வாலை அறுக்கவில்லை. கூடுதல் வாடகையைக் கொடுத்தோம்.

வாலின் நுனியில் பழைய முறிவு ஒன்று ஒட்டப்பட்டிருந்ததை டார்ச் அடித்துப் பார்த்தபோது கண்டோம். உடனே தாத்தா புனேக்காரருக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். எங்களுக்குத் திக்கென்றது. அவரோ, போட்டோ அனுப்புங்கள், பரவாயில்லை என்றார். இதை முன்னாலேயே சொல்லாமல் விட்டிருந்தால் பெட்டி திறந்ததும் லாரியில் உடைந்ததாகத்தான் கணக்காகியிருக்கும்.

இனி பெட்டி. இங்கேதான் முட்டை வருகிறது. பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு முட்டை குடோன். முப்பது முட்டை பிடிக்கும் அட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு காலி அட்டையை எடுத்து உற்றுப் பாருங்கள். முட்டையின் இடுப்பைத்தான் குழி சுற்றிப் பிடிக்கிறது. மேலே அடுக்கும் அட்டையின் பாரம் குழிகளுக்கு நடுவே எழும்பி நிற்கும் கூம்புகளில் இறங்குகிறது, முட்டையில் இல்லை. பஞ்சு வைத்துப் பொத்துவதில்லை. தினமும் எத்தனை லாரி முட்டை இந்த ஊரிலிருந்து மலையாள தேசத்துக்கும் வடக்கேயும் போகிறது! பாதுகாப்பாக அடைப்பது எப்படி என்று நான் ராத்திரியெல்லாம் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன். பதில் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றது.

அதே மாதிரி செய்தோம். ப்ளைவுட் பெட்டி இரண்டு, உடம்புக்கு ஒன்று, இறக்கைகளுக்கு ஒன்று. உள்ளே குறுக்காகப் பலகைத் தடுப்புகள், விமானத்தின் வடிவத்துக்கு வளைவாக வெட்டியது. உடம்பு அந்தத் தடுப்புகளில் மட்டும் உட்காரும், அதுவும் ஃபைபர் தடித்திருக்கும் இடங்களில். மூக்கு, வால், எஞ்சின் நான்கும் எதையும் தொடாமல் காற்றில் நிற்கும். தடுப்புக்கும் விமானத்துக்கும் நடுவே ஃபோம். "பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவுல மரமோ ரப்பரோ வச்சுத்தான் யூ போல்ட் போடுவோம். இரும்பு மேல இரும்பு வச்சு இறுக்கினா ஒரு லோடுலயே வெடிச்சிரும்" என்றார் மாமா. அவர் எந்த விஷயத்தையும் லாரியில்தான் கொண்டுபோய் நிறுத்துவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

ஃபோம் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. ரொம்ப மெத்தென்று இருந்தால் குலுக்கலில் முழுக்க அமுங்கி அடியில் இடிக்கும், ரொம்பக் கெட்டியாக இருந்தால் அதிர்ச்சியை அப்படியே உள்ளே அனுப்பும். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, விமானத்துக்குப் பதில் அதே எடைக்கு மணல் மூட்டையும், இறக்கை உட்காரும் இடங்களில் பத்து முட்டையும் வைத்து, பெட்டியை மூடி, மோகனூருக்குப் போகும் ஒரு லாரியில் ஏற்றிவிட்டோம். சாயங்காலம் திரும்பி வந்தது. எட்டு முட்டை முழுசு, இரண்டு உடைந்திருந்தது. இரண்டும் கெட்டி ஃபோம் வைத்த மூலையில். அந்த மூலையை மட்டும் மாற்றினோம். மீதி எட்டும் ஆம்லெட்.

பெயின்டை எது தொடப்போகிறது என்பது அடுத்தது. பபுள் ஷீட்டை நேரடியாகச் சுற்றக் கூடாது. வெயிலில் லாரி தார்ப்பாய்க்குள் அடுப்பு மாதிரி கொதிக்கும், பழைய பெயின்ட் இளகி, வட்டம் வட்டமாக அச்சு விழுந்துவிடும். தெர்மோகோலும் வேண்டாம், உரசும், உதிரும். எதுவுமே ஒட்டாத, மூச்சு விடும் துணி வேண்டும். சின்னப்பாட்டி பீரோவைத் திறந்து தாத்தாவின் பழைய பருத்தி வேட்டிகள் நான்கை எடுத்துக் கொடுத்தார். பல வருடம் துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆனவை. கரையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு (ஜரிகை கீறும்) சுற்றினோம்.

மூடியை ஆணி அடித்து மூடவில்லை, திருகுதான். சுத்தியல் அடியே ஒரு விபத்து. திறப்பவருக்கும் ஆணியைப் பிடுங்கும் வேலை இருக்காது. மூடியின் உட்புறம் போட்டோக்களை வரிசையாக ஒட்டி, எதை முதலில் எடுப்பது, எதைத் திரும்ப எங்கே வைப்பது என்று அம்புக்குறி போட்டோம். எழுத்தே இல்லை, படம்தான். லெ ஆவ்ர் அதிகாரி திறந்தாலும் புரிய வேண்டும். வெளியே கண்ணாடிக் கோப்பைப் படமும் மேல் நோக்கிய அம்பும். ஆனால் அதையெல்லாம் நடுராத்திரி குடோனில் பார்ப்பவர் குறைவு என்று மாமா சொன்னார். அதனால் அவர் வேறு வேலை செய்தார். பெட்டிக்கு அடியில் கட்டை வைத்து, இரண்டு பக்கமும் கயிற்றுக் கைப்பிடி போட்டு, ஒரு ஆள் தூக்க முடியாத எடைக்குக் கொண்டுவந்தார். ஒருவர் தூக்கக்கூடிய பெட்டியைத்தான் வீசுவார்கள். இரண்டு பேர் தூக்கும் பெட்டியை இறக்கி வைப்பார்கள்.

பெட்டிகள் திங்கட்கிழமை கிளம்பின. அந்த வாரம் தாத்தா நாமக்கல்லிலேயே தங்கிவிட்டார். எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் புனேவிலிருந்து வீடியோ அழைப்பு. இறக்கைப் பெட்டி திறந்தாகிவிட்டது, நான்கு எஞ்சினும் இருக்கின்றன. உடம்புப் பெட்டியின் ஒரு மூலை ப்ளைவுட் நசுங்கியிருந்தது, எங்கேயோ கீழே விழுந்திருக்கிறது. வேட்டியை அவர் ஒவ்வொரு மடிப்பாக விலக்க விலக்க இங்கே எவரும் மூச்சு விடவில்லை. மூக்கு வந்தது. பெயர் வந்தது. சிவப்பு மாடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வால் கடைசியில், முழுசாக.

மீதிப் பணம் சாயங்காலமே வந்துவிட்டது. பாட்டிக்கு வலது முழங்கால் போன மாதம் முடிந்தது, இடது தை கழித்து.

வால் பக்கத்துத் திருகு இரண்டைக் காணோம் என்று மறுநாள் அவர் மறுபடி கூப்பிட்டார். தொலையவில்லை, வேட்டியின் உள்மடிப்பில் பையோடு கட்டியிருந்தோம். அதைச் சொல்ல எடுத்த போனில் இருவரும் அசோகாவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் வேட்டிகளைத் துவைத்துத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டாராம். வேண்டாம், நீங்கள் வீடு மாறும்போது தேவைப்படும் என்று தாத்தா சொல்லிவிட்டார்.